குல்தூம் ரோல் எந்த உபபிரிவு?

இறைவன் உலகத்தைப் படைத்தான் என்பதைப் பெரும்பாலான மதங்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் படைத்ததோடு அவனுடைய வேலை முடிந்துவிட்டது. படைக்கப்பட்டவற்றைப் பிரிவுகளாக்கி, பிரிவுகளை உபபிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, இலக்கத்தைத் தொலைத்து, தொலைத்ததைத் தேட ஆளை நியமிக்கும் மகத்தான பணி உத்தியோகத்தர்களிடமே விடப்பட்டது. அந்தப் பணியில் ஓர் அணில் பங்கு என்னுடையது என்பதைத் தலைவணங்கித் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் பெயர் எட்வேட். கொட்டாஞ்சேனையில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் படித்து, உத்தியோகமும் கொட்டாஞ்சேனையிலேயே கிடைக்கப்பெற்றவன். சிற்றுண்டி வகைப்படுத்தல் அதிகாரசபையின் முகாமைத்துவ உதவியாளர். அப்படியொரு அதிகாரசபை இருப்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வருந்த வேண்டாம், அமைச்சுக்கே பல மாதங்கள் தெரியாது. மெத்தைக் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் எங்கள் காரியாலயம் இருக்கிறது. எங்களைத் தேடி வருபவர்களில் பாதிப்பேர் வழிதவறி மெத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மீதிப்பேர் எங்களைச் சந்தித்துவிட்டுக் கீழே போய் மெத்தை வாங்குவார்கள்.

பணிப்பாளர் திரு. நாகேந்திரம், யாழ்ப்பாணத்தவர், வெள்ளவத்தைவாசி. வேறொரு திணைக்களத்தில் ஓய்வுபெற்று, ஓய்வு போதாமையால் இங்கே நியமனம் பெற்றவர். பிரதிப் பணிப்பாளர் திரு. முர்ஷித், தெமட்டகொடையைச் சேர்ந்தவர். சட்டதிட்டங்களில் கரை கண்டவர். பணிப்பாளரின் கதிரையில் கண் வைத்தவர். நாட்டில் விற்கப்படும் சோட் ஈட்ஸ் யாவற்றையும், அதாவது ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், வடை, மாலுபாண் எனும் மீன் பணிஸ் முதலியவற்றை, முறைப்படி வகைப்படுத்தி, கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டுவதே எங்கள் கடமை.

முதற் கூட்டத்திலேயே ஒரு தத்துவப் பிரச்சினை எழுந்தது. பெரிய வகையைப் 'பிரிவு' என்றோம். பிரிவுக்குள் இருக்கும் சின்னப் பிரிவை எப்படி அழைப்பது?

"உட்பிரிவு எண்டு போடுவமே?" என்றார் பணிப்பாளர்.

"அது குடும்பத்துக்குள்ள பிரச்சின மாதிரி ஈக்கி சேர்," என்றார் முர்ஷித்.

"அப்ப துணைப்பிரிவு?"

"துணையப் பிரியிறது. டிவோர்ஸ்."

"கிளைப்பிரிவு?"

"பேங்க் எண்டு நெனச்சிச் சனம் வரும்."

எஞ்சியது 'உபபிரிவு'. அதைப் பணிப்பாளர் இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போது உதடுகள் ஒட்டிப் பிரிவது அவருக்குப் பிடித்துவிட்டது.

"உப எண்டால் சின்னது, குறைஞ்சது. தலைவர், உபதலைவர். விளங்குதே?"

நான் துணிந்து கேட்டேன்: "அப்ப உபகாரம் எண்டா குறைஞ்ச காரமா சேர்?"

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். பெரிய முடிவு எடுக்கும்போது அப்படித்தான் செய்வார். "சிற்றுண்டியைப் பொறுத்தவரை, ஓம்."

"உபத்திரவம்?"

"குறைஞ்ச திரவம். சோஸ், சட்னி. நல்ல கேள்வி கேக்கிறீர் ஐசே. எழுதும்."

"உபவாசம் சேர்?" என்றார் முர்ஷித்.

"வாசம் மட்டும் பிடிக்கிறது. சாப்பிடுறேல்லை."

மூன்றும் கூட்டக் குறிப்பில் ஏறின. சில காலம் கொழும்புக் கடைகளில் 'இந்த கட்லட் உபகாரமானது, உபத்திரவத்துடன் வழங்கப்படும்' என்ற அறிவித்தலை நீங்கள் கண்டிருந்தால், அது இப்படித்தான் பிறந்தது.

அதன் பின் வேலை மளமளவென்று நடந்தது. பிரிவு ஒன்று, பொரித்தவை. பிரிவு இரண்டு, வெதுப்பியவை. பிரிவு மூன்று, அவித்தவை. இவற்றுள் அடங்காதவை 'ஏனையவை' என்ற அநாதை உபபிரிவு. உபபிரிவுகளைப் பொறுத்தவரை உளுந்துவடையில்தான் கொஞ்சம் சிக்கிக்கொண்டோம். அதன் நடுவில் உள்ள துளை வடையின் ஒரு பகுதியா, அல்லது வடை இல்லாத பகுதியா என்று முர்ஷித் கேட்டுவிட்டார். பகுதி என்றால் அதற்கும் ஓர் உபபிரிவு வேண்டும். உடனே 'துளை தொடர்பான உபகுழு' அமைக்கப்பட்டு நான் தலைவரானேன். வேறு உறுப்பினர் இல்லை. ஒரு கிழமை நேரடி ஆய்வு செய்து, 'ஆரம்பத்தில் துளை காணப்பட்டது. ஆய்வு முடிவடைந்தபோது காணப்படவில்லை' என்று அறிக்கை சமர்ப்பித்தேன். அமைச்சு அதை ஏற்றுக்கொண்டது.

இப்படி நாடே ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்த வேளையில்தான் குல்தூம் ரோல் குறுக்கே வந்தது.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், உம்மு குல்தூம் என்ற பெண்மணி தேநீர்க் கடை நடத்தினார். வாப்பா விட்டுப்போன கடை. முஸ்லிம்கள் அக்காவைத் 'தாத்தா' என்பார்கள்; ஆகவே முர்ஷித் உட்பட அந்தப் பகுதியில் பாதிப்பேருக்கு அவர் குல்தூம் தாத்தா. மீதிப்பேருக்கு ஆன்ட்டி. அவர் கண்டுபிடித்த பண்டம் ரோல்ஸைப் போல அப்பத்துக்குள் சுற்றப்பட்டிருக்கும். சமோசாவைப் போல முக்கோணமாக இருக்கும். பாண் ரொட்டித் தூளில் புரட்டி முதலில் போறணை அடுப்பில் வெதுப்பி, பிறகு கொதிக்கும் எண்ணெயில் ஒருமுறை முக்கி எடுக்கப்படும். உள்ளே உருளைக்கிழங்கு, லீக்ஸ், ஒரு துண்டு அவித்த முட்டை. பின்னேரம் நாலு மணிக்கு அதற்காகச் சனம் ஒழுங்கை வாசல்வரை நிற்கும்.

பொரித்ததா, வெதுப்பியதா, அவித்ததா? மூன்றும்தான். எனவே எமது பரிசோதகர் 'ஏனையவை' என்று தீர்ப்பளித்து, மும்மொழி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு வந்தார். அச்சகத்தாரின் கைவண்ணத்தால் தமிழில் மட்டும் 'உபபிரிவு' என்பது 'உப்புப்பிரிவு' என்று அச்சாகியிருந்தது.

உப்புப்பிரிவு: ஏனையவை.

வெள்ளவத்தையில் தமிழ் வாசிக்கத் தெரிந்த, நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் பிரஷர் இருக்கிறது. ஸ்டிக்கரைப் பார்த்தார்கள், நெஞ்சில் கை வைத்தார்கள், வடையோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். சிங்களத்தில் எழுத்து சரியாக இருந்தபடியால் சிங்கள வாடிக்கையாளர்கள் வழமைபோல வாங்கித் தின்றார்கள். உலக வரலாற்றில் ஒரு சிற்றுண்டி மொழிவாரியாகப் பிரிந்தது அதுவே முதல் தடவை. எமது அதிகாரசபை அதற்காக ஒருபோதும் புகழ் தேடியதில்லை.

குல்தூம் தாத்தா பஸ் மாறி மாறிக் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தார். ஒரு கையில் கிழித்தெடுத்த ஸ்டிக்கர். மறு கையில் ஈயத்தாளால் மூடிய தட்டு. மெத்தைக் கடையைத் திரும்பியும் பாராமல் நேரே மேலே ஏறி வந்த முதல் மனிதப்பிறவி அவர்தான்.

"இதுல என்னா எழுதீக்கி? வாசிங்க."

பணிப்பாளர் வாசித்தார். "அச்சுப் பிழை."

"பிழய நீங்க செய்ங்க. உப்பு எண்ட ரோல்லயா?"

"திருத்தலாம் அம்மா. அதுக்கொரு நடைமுறை இருக்கு. ஆனால் திருத்தினாலும் ஏனையவைதான்."

"ஏனையவை எண்டா என்னா?"

"மற்றது."

"எது மத்தது? எண்ட கடயில அதுதான் மொதலாவது. மத்ததெல்லாம்தான் மத்தது."

பணிப்பாளர் ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தார்; பின்பக்கத்தில் பசை மட்டுமே இருந்தது. எனவே கூட்டத்தைக் கூட்டினார். தட்டில் இருந்தவை சான்றுப்பொருளாக மேசையில் வைக்கப்பட்டன.

"வெளித்தோற்றம், முக்கோணம்," என்று முர்ஷித் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "உள்ளீடு, மரக்கறி. முட்டையும் ஈக்கி. முட்ட மரக்கறியா சேர்?"

"இல்லை."

"அப்ப இறைச்சியா?"

"இல்லைப் பாரும். அது கோழியாகிறதோ இல்லையோ எண்டு இன்னும் முடிவெடுக்காத பொருள்."

"அப்ப கோப்பை நிலுவையில போடுவம்," என்றேன்.

"முட்டை முடிவெடுக்கும் வரைக்கோ? எண்ணெயில எவ்வளவு ஊறியிருக்கு எண்டு முதல்ல பாப்பம்." பணிப்பாளர் ஒன்றை எடுத்துக் கடித்தார். அவருடைய முகத்தில் சட்டத்துக்கு அப்பாற்பட்ட ஓர் ஒளி பரவியது. பிறகு முர்ஷித் பார்த்தார். பிறகு நான் பார்த்தேன். பார்த்து முடித்தபோது தட்டில் ஈயத்தாள் மட்டுமே இருந்தது. சான்றுப்பொருள் இன்றித் தீர்மானம் எடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

"அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பக் கொண்டு வாருங்கோ," என்றார் பணிப்பாளர், மீசையைத் துடைத்துக்கொண்டே.

குல்தூம் தாத்தா அடுத்த செவ்வாயும் கொண்டு வந்தார். அதற்கடுத்த செவ்வாயும். முட்டைக்கு ஓர் உபகுழு, முக்கோணத்துக்கு ஓர் உபகுழு, எண்ணெயில் முக்கி எடுப்பது பொரித்தலா குளிப்பாட்டலா என்பதற்கு இன்னோர் உபகுழு. எங்கள் காரியாலயத்தில் செவ்வாய்க்கிழமைகளில் லீவு எடுப்பவர் எவரும் இல்லையென்றாயிற்று. கோப்பு தடித்தது. நாங்களும் தடித்தோம்.

ஒரு செவ்வாய் அவர் தட்டை வைத்துவிட்டு உடனே போகவில்லை. கதிரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"கடயில வேல செஞ்ச பஸ்லாவ நிப்பாட்டிட்டன் சேர். எத்தினயோ வருஷமா எண்ட கூட நிண்டு மா பெசஞ்ச புள்ள. வித்தா தானே நிப்பாட்டாம ஈக்க ஏலும்? நேத்துப் போக்கொள்ள அவ அழவுமில்ல. ஏப்ரனக் கழட்டி மடிச்சி வெச்சிட்டுப் போறா. எனக்கு அதுதான் பொறுக்க ஏலாம ஈக்கி."

கீழே யாரோ மெத்தையைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, உங்கட விசயம் முன்னேறிக்கொண்டிருக்கு," என்றார். "இப்ப நாலாவது உபகுழுவுக்குப் போயிருக்கு."

அரச சேவையில் ஒருவர் இன்னொருவரின் தோளில் கை வைப்பதற்குச் சமமான வசனம் அது. குல்தூம் தாத்தாவுக்கு அது விளங்கவில்லை. எழுந்து, வெறும் தட்டை எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் போனார்.

இதே காலத்தில் பணிப்பாளரின் மகள் மிதுனாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை அபிஷன், இரத்மலானையில் ஒரு கொம்பனியில் கணினிப் பொறியியலாளர். பதிவுத் திருமணத்தை வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில் பின்னேரம் வைத்து, தேநீர் விருந்து கொடுப்பதாக ஏற்பாடு. தேநீருக்கு என்ன கொடுப்பது என்று கேட்டபோது மிதுனா ஒரேயொரு பதில்தான் சொன்னாள்.

"குல்தூம் ஆன்ட்டீன்ர ரோல். டியூசன் முடிஞ்சு வரேக்க அதைச் சாப்பிட்டுத்தான் நான் ஏ.எல். பாஸ் பண்ணினனான். அது இல்லாட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

பணிப்பாளர் இரகசியமாக ஓடர் கொடுத்தார். இதில் சிறு சட்டச் சிக்கல் ஒன்று இருந்தது. 'ஏனையவை'யைப் பொது வைபவங்களில் பரிமாறக்கூடாது என்று ஒரு சுற்றுநிருபம் இருந்தது. அதில் கையெழுத்து வைத்தவர் திரு. நாகேந்திரம்.

திருமணம் என்பதும் ஒரு வகைப்படுத்தலே. மண்டபத்தின் இடப்பக்கம் பொம்பிளை பகுதி, வலப்பக்கம் மாப்பிள்ளை பகுதி. விவாகப் பதிவாளர் வந்து அமர்ந்தார். தட்டுகள் சமையலறைக்குள் வந்து இறங்கின. வாசம் மண்டபம் முழுக்கப் பரவியது. அப்போதுதான் அழைப்பிதழோடு கோட் சூட்டில் வந்திருந்த முர்ஷித், மணமக்களுக்கு ஒரு கவரைக் கொடுத்து வாழ்த்திவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போய், கோட் பையிலிருந்து அதிகாரசபையின் சிவப்பு நாடாவை எடுத்துத் தட்டுகளைச் சுற்றிக் கட்டினார்.

பணிப்பாளர் பட்டு வேட்டி தடுக்க ஓடி வந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"என்ன காணும் இது?"

"உங்கட சுற்றுநிருபம்தான் சேர். நான் வராட்டிப் பரவாயில்ல. வந்து பாத்துட்டுச் சும்மா போனா அது கடமை தவறினதாகும்."

"இது என்ர மகளின்ர கலியாணம்!"

"சுற்றுநிருபத்துல மகள்மாருக்கு விதிவிலக்கு இல்ல சேர். அந்த வரிய நீங்கதான் வெட்டச் சொன்னீங்க."

மண்டபத்தில் வாசம் மட்டும் வந்துகொண்டிருந்தது, தட்டு வரவில்லை. எமது கூட்டக் குறிப்பின்படி அது முழுமையான உபவாசம். மாப்பிள்ளை பகுதியில் ஒரு பெரியம்மா எல்லோருக்கும் கேட்கும்படி, "வெறும் தேத்தண்ணிக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றார். மாப்பிள்ளையின் தகப்பன் மணிக்கூட்டைப் பார்த்தார். மிதுனா பேனாவைக் கையில் எடுத்து, சமையலறைப் பக்கம் பார்த்து, பேனாவைத் திரும்ப வைத்தாள். மணமகள் சொன்ன சொல் தவறாதவள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரியவந்தது.

பணிப்பாளருக்கு வியர்த்தது. "சரி, இப்பவே வகைப்படுத்துவம். பொரித்தவை, உபபிரிவு முக்கோணம். முர்ஷித், எழுதும்!"

"பொறுங்க."

குல்தூம் தாத்தா சமையலறையின் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு, தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"எனக்கு உபபிரிவு வாணாம்."

"என்னம்மா, இவ்வளவு நாளும் அதைத்தானே கேட்டனீங்கள்?"

"அண்டைக்குத் தந்தீந்தா எடுத்தீப்பன். இண்டைக்கு வாணாம். இன்னொருத்தர்ட பிரிவுக்குள்ள போய் ஓரத்துல குந்திக்கிட்டு ஈக்க எனக்கு ஏலா. பெரிய பிரிவே தாங்க. எண்ட பேர்ல."

"ஒரு ரோலுக்கு ஒரு பிரிவோ? உலகத்தில எங்கயாவது நடந்திருக்கோ?"

"அப்ப நாடாவோடயே தின்னச் செல்லுங்க."

மண்டபத்திலிருந்து பெரியம்மாவின் குரல் இன்னொரு தடவை கேட்டது. பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். விவாகப் பதிவாளரிடம் ஓடிப்போய் ஒரு தாளும் பேனாவும் இரவல் வாங்கிவந்து, 'பிரிவு நான்கு: குல்தூம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதிகாரசபையின் முத்திரை கொட்டாஞ்சேனையில் இருந்தபடியால் பதிவாளரின் முத்திரையே குத்தப்பட்டது. இவ்வாறு அன்று பின்னேரம் அந்த மண்டபத்தில் சட்டப்படி இரண்டு பதிவுகள் நடந்தன. முர்ஷித் பத்திரத்தை இரண்டு தரம் வாசித்து, பிழை பிடிக்க ஒன்றும் கிடைக்காமல், பெருமூச்சோடு நாடாவை அவிழ்த்தார். முதல் ரோலையும் அவரே எடுத்தார்.

மிதுனா ஒரு கடி கடித்துவிட்டுக் கையெழுத்து வைத்தாள்.

இந்தச் செய்தி ஒரு கிழமைக்குள் மட்டக்குளிவரை போய்விட்டது. 'குல்தூமுக்குத் தனிப் பிரிவு என்றால் எங்களுக்கு ஏன் இல்லை?' என்று கேட்டு மற்றக் கடைக்காரர்கள் படியேறி வந்தார்கள். மெத்தைக் கடைக்காரர் அந்த மாதத்தில் புதிய வான் வண்டி வாங்கினார். நாங்கள் எல்லோருக்கும் பிரிவு கொடுத்தோம். கறிவேப்பிலை போட்ட கட்லட் ஒரு பிரிவு, போடாதது ஒரு பிரிவு, போட்டுவிட்டு எடுத்தது இன்னொரு பிரிவு. பிரிவுகள் பெருகப் பெருக அமைச்சு மகிழ்ந்தது. தொலைபேசியில் மேலதிகாரி ஒருவர் "நியமாய், நியமாய்!" என்று சிங்களத்தில் பாராட்டியதை என் காதால் கேட்டேன்.

ஆனால் பிரித்தால் மட்டும் போதுமா? பிரித்தவை மீண்டும் ஒன்றாகிவிட்டால் உத்தியோகத்தர் பட்ட பாடு என்னாவது?

கொழும்புத் தேநீர்க் கடைகளில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நீங்கள் போய் அமர்ந்ததும் ரோல்ஸ், வடை, பற்றிஸ், மாலுபாண் எல்லாவற்றையும் ஒரே தட்டில் குவித்துக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்துவிடுவார்கள். யாரும் எதையும் எடுக்கலாம். தின்றதற்கு மட்டும் காசு. அந்தத் தட்டுக்கு முன்னால் எந்தப் பிரிவுக்கும் மரியாதை இல்லை. வடையின் எண்ணெய் மாலுபாணில் ஊறும். ரோலின் தூள் வடையில் ஒட்டும்.

"இதுதான் ஐசே எங்கட தோல்வி," என்றார் பணிப்பாளர்.

சுற்றுநிருபம் பிறந்தது. வெவ்வேறு பிரிவுப் பண்டங்களை ஒரே தட்டில் வைக்கக்கூடாது. தட்டுகள் ஒரே மேசையில் வைக்கப்படக்கூடாது. மேசைகளுக்கிடையில் ஒரு கதிரை அகலம் இடைவெளி வேண்டும். இதன்படி, ஒரு பிரிவைத் தின்பவர் இன்னொரு பிரிவைத் தின்பவரோடு ஒரே மேசையில் அமர்வது தானாகவே நின்றுபோகும். அதைச் சட்டத்தில் எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதுதான் சட்டத்தின் அழகு.

அமுலாக்கலைப் பார்வையிட ஒரு பின்னேரம் மூவரும் வெள்ளவத்தைக்குப் போனோம். நல்ல மழை. குல்தூம் தாத்தாவின் கடை அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. ஒன்றாய் இருந்த கண்ணாடிப் பெட்டி துண்டு துண்டாகி, அலுமாரி அலுமாரியாக நின்றது. பிரிவு நான்குக்குத் தனி அலுமாரி. அதற்குக் காவலாக ஏப்ரனோடு பஸ்லா. அவளைத் திரும்ப வேலைக்கு எடுத்திருந்தார்கள். முன்பு மா பிசைந்தவள் இப்போது பிரிவுகள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். சம்பளம் அதேதான் என்றாள். கை மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறதாம்.

சந்தோசமாக இருக்கிறீர்களா என்று குல்தூம் தாத்தாவை முர்ஷித் கேட்டார்.

"தனிப் பிரிவு கேட்டன், கெடச்சீக்கி," என்றார் அவர். "தனியா ஈக்கிறது எப்பிடி எண்டு இப்பதான் தெரியும். சரி, என்னா தின்றீங்க?"

அன்று வெள்ளிக்கிழமை, பணிப்பாளருக்கு மரக்கறி நாள்; வடை கேட்டார். முர்ஷித் குல்தூம் ரோல் கேட்டார். நான் மாலுபாண் கேட்டேன். வழக்கம்போல மூன்று கதிரையை இழுத்து ஒரே மேசையில் அமரப் போனோம்.

"ஆ, ஆ! நாகேந்திரம் சேர் அந்த மேச. முர்ஷித் தம்பி இந்தப் பக்கம். எட்வேட் வாசல்ல."

"வாசல்ல தூவானம் அடிக்குது தாத்தா," என்றேன்.

"சுற்றுநிருபத்துல மழயப் பத்தி ஒண்டும் இல்ல."

அமர்ந்தோம். பணிப்பாளர் ஏதோ சொன்னார். மழையில் எனக்குக் கேட்கவில்லை. முர்ஷித் சிரித்தார்; எதற்கென்று பணிப்பாளருக்குத் தெரியவில்லை. பிறகு மூவரும் தத்தம் தொலைபேசியை எடுத்தோம்.

கடையைச் சுற்றிப் பார்த்தேன். முன்பெல்லாம் பின்னேரங்களில் அங்கே காலடி வைக்க இடமிருக்காது. பாங்கு சொன்னதும் எழுந்து போனவர், தொழுதுவிட்டு வந்து, பாதியில் விட்ட கதையை விபூதி பூசிய ஆளோடு தொடருவார்; திரீவீல்காரர் "அய்யே, இன்னொரு பிளேன்டீ" என்று இடையில் கை நீட்டித் தட்டிலிருந்து கடைசி ரோலைத் தூக்குவார்; அதற்கொரு சண்டை நடக்கும். இப்போது மீன் தின்பவர்கள் ஒரு சுவரைப் பார்த்தார்கள். மரக்கறி தின்பவர்கள் மறு சுவரைப் பார்த்தார்கள். மாட்டிறைச்சி பற்றிஸ் தின்பவர் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். யார் என்ன ஆள் என்று பெயர் கேட்காமலே தெரிந்தது. கடை அவ்வளவு ஒழுங்காக, அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு அமைதியாக இருந்தது.

பணிப்பாளரின் கண்கள் கலங்கிவிட்டன. பெருமிதத்தால்தான் இருக்க வேண்டும். மேசை தூரம் என்பதால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்த நாட்டில் மனிதரைப் பிரிப்பதற்காக எத்தனையோ பெரியவர்கள் எவ்வளவோ காலம் பாடுபட்டிருக்கிறார்கள். மேடை போட்டார்கள். பெயர் கேட்டுப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். கடைகளை எரித்தார்கள். எரித்த கடை திரும்பத் திறந்த அன்று பின்னேரமே, அதே ஆட்கள் வந்து, அதே மேசையில், ஒரே தட்டில் கை வைத்தார்கள். பாவம், அந்தப் பெரியவர்களுக்கு நிர்வாகம் தெரியாது. அவர்கள் நெருப்பு வைத்தும் முடிக்க முடியாமற் போனதை, நாங்கள் கதிரையைத் தள்ளிப் போட்டே முடித்துவிட்டோம்.